தனிக்குடித்தனம் போன கிராபிக்ஸ் கார்டு

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவதில்லை என்று ரேயால் பிரிஸ்புவா அது தொடங்கும் சாம்பல் புதன் காலையில், காபிக் கோப்பையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஜினெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் திருந்திவிட்டான் என்று நினைத்தாள், பாவம்.

திருந்தவாவது மண்ணாவது! ரேயால் கனடாவின் சட்பரியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றும்வரை வீட்டில்தான் இருப்பார். பனியில் சறுக்கிச் சறுக்கி ஓட்டிய அலுப்பு தீர, லேப்டாப்பில் அரிசோனாப் பாலைவனத்தில் லாரி ஓட்டுவார். அங்கே மருந்துக்குக்கூடப் பனி கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய அந்த லேப்டாப்பில் லாரி எங்கே ஓடியது? நொண்டியது. இந்த ஊரில் பிரேக்கை மிதித்தால் அடுத்த ஊரில் போய் நின்றது. ஓடாத லாரியை விடுவதில் என்ன நஷ்டம்? சொத்தைப் பல்லைத் தானம் செய்த கதைதான்.

விரதத்துக்கு ஜினெட் விட்டது சாக்லேட்டை. அதுதான் நிஜத் தியாகம்.

"ஒரு பந்தயம். யார் முதல்ல விரதத்தை முறிக்கிறாங்களோ, அவங்கதான் பனிக்காலம் முடியற வரைக்கும் வாசல்ல பனி அள்ளணும். தனியா, தினமும்," என்றாள் ஜினெட்.

"சம்மதம். அப்புறம் அழக்கூடாது."

"முதுகைப் பிடிச்சுக்கிட்டு யார் அழறாங்கன்னு பார்க்கலாம்."

அதுவரை ஒரு நாள் அவர், ஒரு நாள் அவள் என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அள்ளுவதற்கே ரேயாலின் முதுகு ஊரைக் கூட்டும். தினமும் என்றால் மனிதர் படுத்த படுக்கைதான். ஆனால் அவர் கவலைப்படவில்லை. ஜெயிப்பது நிச்சயம் என்று இருந்தார். அன்று மாலையே ஜினெட் வேக்குவம் கிளீனரை எடுத்து வீடு முழுக்கச் சுத்தம் செய்தாள். தவக்காலம் வந்ததும் என்ன பக்தி என்று ரேயால் வியந்துபோனார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, சக டிரைவர் லூசியனின் வாயில் சனி வந்து உட்கார்ந்தான்.

"உன் லேப்டாப்ல ரெண்டு கிராபிக்ஸ் இருக்குய்யா. தெரியாதா?"

"ரெண்டா? நான் ஒரு லேப்டாப்தானே வாங்கினேன்?"

"ஒண்ணு பிராசஸரோட ஒட்டிக்கிட்டே இருக்கும். மாமியார் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. அதுக்குன்னு சொந்தமா மெமரிகூடக் கிடையாது, போட்டதைத் தின்னணும். அதுலதான் உன் லாரி ஓடுது. இன்னொண்ணு தனி கார்டு. தனிக்குடித்தனம். தனி மெமரி, தனி ஃபேன். அதை நீ எழுப்பவே இல்ல. செட்டிங்ஸ்ல போய் மாத்திவிடு, லாரி பறக்கும்."

"ஏன்யா இதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லல?"

"நீ கேக்கலையே!"

வீடு வரும் வழியெல்லாம் ரேயாலுக்கு ஒரே குழப்பம். செட்டிங்கை மாற்றுவது விளையாட்டாகுமா? ஆகாது. எந்தப் பாதிரியாரும் செட்டிங்ஸைப் பற்றிப் பிரசங்கம் செய்ததில்லை. மாற்றிவைத்துவிட்டு ஈஸ்டருக்கு விளையாடினால் போகிறது. இப்படி முடிவு செய்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தார்.

செட்டிங்ஸுக்குள் ஒரு செட்டிங்ஸ் இருந்தது. அதற்குள் இன்னொன்று. கடைசியில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. எந்த மென்பொருளுக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கிற கிராபிக்ஸ், எதற்கு அதிவேகக் கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டுமாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிவேகத்தை அழுத்தி, லேப்டாப்பை அணைத்துப் போட்டார். சும்மா ஒரு சோதனைக்கு லாரியைக் கிளப்பினார். பழையபடி நொண்டியது. திரும்பப் போய்ப் பார்த்தால், அதிவேகம் கால்குலேட்டருக்குப் போயிருந்தது. இனி இரண்டும் இரண்டும் நாலு என்பது மின்னல் வேகத்தில் தெரியும். அதனால் யாருக்கு என்ன லாபம்?

மறுபடி மாற்றினார். இந்தத் தடவை சரியாக லாரிக்கே மாற்றினார். அடுத்த நொடி அரிசோனா கண் முன்னால் விரிந்தது. கள்ளிச் செடியின் முள் முள்ளாகத் தெரிந்தது. லாரி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. ரேயாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடவே ஃபேனும் எழுந்தது. ஊளையிட்டது. மேசை அதிர்ந்தது.

"என்னய்யா அது, ஹேர் டிரையரா?" அடுப்படியிலிருந்து ஜினெட்டின் குரல்.

"என் தலையில எங்க முடி இருக்கு? எனக்கெதுக்கு ஹேர் டிரையர்?"

"அதான் நானும் கேக்கறேன்!"

"லேப்டாப் அப்டேட் ஆகுது, ஜினெட்."

"அதுவாவது ஆகட்டும்."

படக்கென்று மூடிவிட்டார். இப்போது பெரிய சிக்கல். ஒட்டுக்குடித்தனக் கிராபிக்ஸ் என்றால் சத்தம் இல்லை, லாரி ஓடாது. தனிக்குடித்தனம் என்றால் லாரி பறக்கும், ஆனால் ஊருக்கே கேட்கும். மாட்டினால் முதுகு போச்சு. லேப்டாப்பைப் போர்வைக்குள் வைத்துப் பார்த்தார், ஊளை இன்னும் கூடியது. ஜன்னலைத் திறந்து குளிரில் வைக்கலாமா என்று யோசித்தார், விரல் விறைத்துவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கூடத்தில் வேக்குவம் கிளீனர் 'உய்ய்ய்' என்று கிளம்பியது.

ஆகா! அந்த இரைச்சலில் பத்து லேப்டாப் ஊளையிட்டாலும் கேட்காது.

அன்றிலிருந்து வேக்குவம் ஓடும்போதெல்லாம் லாரியும் ஓடியது. வேக்குவம் நின்றால் லாரியும் நிற்கும். கடவுளின் கிருபையைப் பாருங்கள், ஜினெட்டுக்குச் சுத்தப் பைத்தியம் முற்றிக்கொண்டே போனது. திங்கட்கிழமை இரண்டு தடவை. புதன்கிழமை மூன்று தடவை. கம்பளத்தில் தூசி இல்லை. தூசி தீர்ந்து கம்பளமே தேயத் தொடங்கியது. இவ்வளவு எதற்கு என்று ரேயாலுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன? கொடுத்துவைத்தவனுக்குத்தான் இப்படிப் பெண்டாட்டி வாய்க்கும் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. நான்காவது ஞாயிறு. கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். கூடத்தில் வேக்குவம் கிளம்பியது. ரேயால் கதவைச் சாத்திக்கொண்டு லாரியில் ஏறினார். நாற்பது டன் சரக்கு, இறக்கமான பாதை. வேக்குவம் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பினார். ஜினெட். கையில் ஒரு சாக்லேட். வாய் மென்றுகொண்டிருந்தது. திரையில் லாரி பள்ளத்தில் உருண்டது.

"ஜினெட், மன்னிச்சிடு! தெரியாம... தெரிஞ்சுதான்! முதல் வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஓட்டறேன். தினமும் ஓட்டறேன். நீ வேக்குவம் போடறப்பல்லாம் ஓட்டறேன். அந்த லூசியன் பாவி தனி கார்டுன்னு சொன்னான். அப்டேட்டும் பொய். எல்லாம் பொய்!"

ஜினெட் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"தவக்காலத்துல ஞாயித்துக்கிழமை கணக்குல வராதாம். இன்னிக்குப் பிரசங்கத்துல ஃபாதர் சொன்னாரு. நீ குறட்டை விட்டுக்கிட்டிருந்தே. நான் சாக்லேட் திங்கறேன், நீயும் பாவம் இன்னிக்கு ஒரு நாள் லாரி ஓட்டிக்கோன்னு சொல்ல வந்தேன்."

ரேயால் மெல்ல லேப்டாப்பை மூடினார்.

"வாயைத் திறக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பே," என்றாள் அவள். "நாளைக்குப் பனி கொட்டுமாம். பனி அள்ற ஷவல் கதவுக்குப் பின்னாலதான் இருக்கு."

அவள் இங்கே நிற்க, வேக்குவம் அங்கே யார் பிடித்து ஓடுகிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை முழங்கால் அளவு பனி. குப்பை எடுக்கும் நாளும் அதுதான். ரேயால் ஒரு கையில் ஷவலும் ஒரு கையில் குப்பையுமாக முனகிக்கொண்டே வாசலுக்கு வந்தார். கால் வழுக்கியது. வேக்குவம் கிளீனரின் நிரம்பி வழிந்த தூசிப் பை ஷவலின் விளிம்பில் பட்டுக் கிழிந்தது. வெள்ளை வெளேரென்ற பனிமேல் தூசியோடு தங்கநிறம், சிவப்பு, ஊதா என்று சாக்லேட் சுற்றிய காகிதங்கள் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன.

ஒரு பிடியை அள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடினார். முதுகு வலிகூட மறந்துபோனது.

"ஜினெட்! இது ஒரு ஞாயித்துக்கிழமைத் தீனியா? காகிதம் பிரிக்கிற சத்தம் எனக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் வேக்குவத்தைப் போட்டியா? சாம்பல் புதன் சாயங்காலமே போட்டியே! நீதான் முதல்ல முறிச்சே!"

"முறிச்சேன்னு நான் சொன்னேனா?"

"இல்ல..."

"நீ முறிச்சதா நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"கிழமையோட சொன்னே." ஜினெட் வாசலை எட்டிப் பார்த்தாள். "கையில ஷவல் இருக்குல்ல? அந்தக் காகிதத்தையும் சேர்த்து அள்ளிடு."