மூன்றாவது டவுன்லைட்

ரசத்தில் பல்லி வால் விழுந்த அன்று, சமையலறை விளக்குகள் ஆறையும் நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் நானாக எடுத்த முதல் முடிவு அது.

எங்களுடையது புஞ்சாக் ஆலாமில் ஒரு வரிசை வீடு. சமையலறை சீலிங்கில் வட்ட ஓட்டை போட்டு, ஆறு டவுன்லைட் பதித்திருந்தார்கள். பழைய சரக்கு. ஓட்டைக்கும் விளக்குக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. பல்லிகள் அந்த வழியாகத்தான் வந்து போகும். அன்று ஒன்று வாலை மட்டும் அனுப்பியிருந்தது.

என் மனைவி தனேஸ்வரி ரசத்தைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"நாளைக்கு வயர்மேன் ஆன்ட்ரூவ வரச் சொல்றேன். பழசெல்லாம் கழட்டிட்டு, புதுசு போட்டு, சுத்தி சிலிக்கோன் அடிச்சி மூடிரட்டும்."

"ஆன்ட்ரூ எதுக்கு? நான் இருக்கேன்லா."

"அதான் பயமா இருக்கு."

"ஒரு லைட்டு மாத்தத் தெரியாதா எனக்கு?"

"மூணாவது லைட்டு அவிஞ்சி ஒரு வருசமாச்சி. அத மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. அதற்கு மேலேதான் என் டின் இருந்தது.

விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு இனிப்புநீர். டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னார். தனேஸ்வரி நிறுத்தியே விட்டாள். அன்று முதல் எனக்குத் தேத்தண்ணி கோசோங். மலாயில் கோசோங் என்றால் காலி. தேத்தண்ணிக்குச் சொன்னால் சீனி இல்லாதது. என் வாழ்க்கைக்குச் சொன்னால் இரண்டும்.

பொறுக்க முடியாமல் எதிர்வீட்டுக் குமுதாவிடம் போனேன். குமுதா வருஷம் முழுக்கப் பலகாரம் செய்து விற்பவள். அவளுடைய நெய்யுருண்டைக்கு ராசா என்ற தூரத்து ஊரிலிருந்துகூட ஆள் வரும்.

"தனத்துக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது, அண்ணே."

வாரம் ஒரு டின். பதினான்கு உருண்டை. மூன்றாவது விளக்கை இழுத்தால் கையோடு வந்துவிடும். ஓட்டை வழியாக டின்னை மேலே வைத்துவிட்டு, விளக்கைத் திரும்பச் சொருகிவிடுவேன். மாலையில் தனேஸ்வரி செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் பார்த்து நாற்காலியில் ஏறுவேன். இரண்டு உருண்டை. ஒரு வருஷத்தில் ஓர் எறும்புகூட அந்தப் பக்கம் வரவில்லை. எறும்பும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட அதிசயம், போன மாதம் ரத்தத்தில் சீனி நன்றாக இறங்கியிருப்பதாகச் சொல்லி டாக்டர் என் கையைக் குலுக்கினார். தினம் இரண்டு தின்றும் இறங்கியிருக்கிறது. என் உடம்பு தனி ரகம் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட டின் ஆன்ட்ரூ கையில் சிக்கலாமா?

சனிக்கிழமை காலையில் ஹார்ட்வேர் கடைக்குப் போய், நாலு இஞ்சு விளக்கு ஆறு வாங்கி வந்தேன். ஓட்டை ஆறு இஞ்சு. மாட்டிய முதல் விளக்கு அதே வழியாகத் திரும்பி என் மூக்கில் விழுந்தது.

"இஞ்சி வாங்கச் சொன்னாலே மஞ்சள் வாங்கிட்டு வர்ற ஆளு" என்றாள் தனேஸ்வரி. "இஞ்சு வாங்க அனுப்பினது என் தப்பு."

மாற்றி வாங்கி வந்தேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். மூன்றாவதைத் தாண்டிப் போய் மற்ற ஐந்தையும் மாட்டி, சுற்றிலும் சிலிக்கோன் அடித்து, விரலால் வழித்துவிட்டேன். அது காய்ந்துவிட்டால் கத்தியால் அறுத்துத்தான் விளக்கை எடுக்க முடியும். மூன்றாவதையும் அப்படி மூடினால் டின் உள்ளே, நான் வெளியே. டின்னை எடுத்து வேறெங்கே வைப்பது? வீட்டில் தனேஸ்வரியின் கண் படாத இடம் அது ஒன்றுதான். முந்தின நாள்தான் புது டின் வைத்திருந்தேன். இரண்டு போக, பன்னிரண்டு உருண்டை பாக்கி.

சிலிக்கோன் வெள்ளை. பற்பசையும் வெள்ளை. குளியலறைக்குப் போய் டியூபை எடுத்து வந்தேன். மூன்றாவதை மாட்டி, சுற்றிலும் பற்பசையைப் பிதுக்கி வழித்தேன். மற்ற ஐந்தையும்விட அதுதான் நேர்த்தியாக வந்தது.

தனேஸ்வரி வந்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அஞ்சு லைட்டு புளிச்ச வாட அடிக்குது. மூணாவது மட்டும் பல்லு வெளக்கியிருக்கு."

"அது... வேற பிராண்டு."

"மேல என்ன இருக்கு?"

"ஒன்னுமில்ல. கோசோங்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"டார்ச் அடிச்சிப் பாத்தேன். கோசோங்லா."

"அப்ப அதுக்கும் சிலிக்கோன் அடிக்க என்ன?"

சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தனம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

இடுப்பில் செருகியிருந்த போத்தலை எடுத்து நீட்டினாள்.

"வாசல்ல யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு, தனம்."

"குமுதாதான். உள்ள வருவா. நீங்க அடிங்க."

பற்பசையைத் துடைத்தேன். சிலிக்கோன் அடித்தேன். என் கையாலேயே என் பன்னிரண்டு உருண்டைக்கும் சமாதி கட்டினேன். துக்கமாகத்தான் இருந்தது. கடைசி அங்குலத்தை வழிக்கும்போது குமுதா ஒரு டின்னோடு உள்ளே வந்தாள்.

"மெசேஜ் பாத்தேன்க்கா. உடனே உருட்டிக் கொண்டாந்துட்டேன். அண்ணனோடது."

நான் அவளை முறைத்தேன். அவள் வாக்குத் தவறவில்லை. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாள், முதல் நாளிலிருந்து.

தனேஸ்வரி இரண்டு உருண்டையைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"எறங்கி வந்து சாப்பிடுங்க. தெனமும் நாற்காலி ஏறி கால ஒடச்சிக்கிட்டா யாரு பாக்கிறது?"

"எனக்கு இனிப்பு ஆகாதே" என்றேன், மிச்சமிருந்த மானத்தோடு.

"உங்களுக்குன்னு தனி மாவுலா. ஒரு வருசமா சீனியே போடல. அதுக்குப் பதிலா மருந்துக் கடையில நான் வாங்கிக் குடுக்கிற பவுடரு. எறும்புக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

டாக்டர் குலுக்கிய கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"அப்ப மேல இருக்கிறது?"

"நீங்கதானே டார்ச் அடிச்சிப் பாத்தீங்க" என்றாள் தனேஸ்வரி. "கோசோங்."