முதல் நாள் பதிப்பு

மாப்பிள்ளையின் பெயரில் வாலைக் காணோம்.

மண்டப வாசலில் இருந்த மின்பலகை ‘பூவிழி – முத்தமிழ்ச்செல்’ என்று காட்டி, அத்தோடு நின்றுவிட்டது. மணி நாலரை. ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு.

பெண்ணின் அப்பா பழனிவேல் கணினி அறைக்கே வந்துவிட்டார். சம்பந்தி வீட்டார் பேர் விஷயத்தில் ரோஷக்காரர்கள் என்றார். கலையரசன் ஒரு யோசனை சொன்னான்.

“முத்தமிழ்னு சுருக்கிடலாமா சார்?”

“அது மாப்பிள்ளையோட அண்ணன் பேரு தம்பி. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு.”

கலையரசன் அந்த அரியலூர் மண்டபத்தில் ஐந்து வருடமாகக் கணினி பார்க்கிறான். அதற்கு முன் மூன்று வருடம், கல்லூரிக்குப் போக, பூவிழி வந்த அதே பெரம்பலூர் பஸ்ஸில் வந்து போனவன். அந்த மூன்று வருடத்தில் அவன் அவளிடம் பேசியது, கூட்டத்தில் டிக்கெட்டைக் கைமாற்றியபோது சொன்ன “இந்தாங்க” மட்டும்தான். இனி அவளுக்கென்று அவன் செய்யக்கூடியது, இன்று பலகையில் அவள் பெயர் ஒழுங்காக எரியும்படி பார்த்துக்கொள்வது ஒன்றுதான்.

பலகையை ஓட்டுவது ஒரு பழைய லினக்ஸ் கணினி. பலகை நிரலுக்கு இரண்டு கிளைகள் உண்டு. நிலையான கிளையில் எல்லாம் சோதித்து முடித்த பதிப்பு இருக்கும். சோதனைக் கிளையில் இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிற பதிப்பு இருக்கும். நீளமான பெயர்களுக்கான திருத்தம் சோதனைக் கிளையில் வந்திருப்பதாகப் படித்திருந்தான். நிரல் பொதிகளை இறக்கி நிறுவுகிற பேக்கேஜ் மேனேஜர் என்ற நிரலிடம் அதை இறக்கச் சொன்னான். கூடவே பதினேழு பேக்கேஜ்கள் மாறும், சம்மதமா என்று அது கேட்டது. படிக்காமல் சம்மதித்தான்.

அறையிலிருந்து பார்த்தால் பலகையின் முதுகுதான் தெரியும். முன்பக்கம் என்ன எரிகிறது என்று வாசலில் நிற்கும் வாட்ச்மேன் இளையபெருமாள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

“என்ன தெரியுதுண்ணே?”

“மாப்பிள்ளை பேரு முழுசா வந்துடுச்சு தம்பி. பொண்ணு பேரத்தான் காணோம்.”

எழுத்துரு பேக்கேஜ்தான் காரணம் என்று தோன்றியது. அதை மட்டும் நிலையான கிளைக்குத் திருப்பினான். புது நிரலுக்குப் பழைய எழுத்துரு ஒத்துவராது என்று பேக்கேஜ் மேனேஜர் எச்சரித்தது. வற்புறுத்தித் திணித்தான்.

“இப்ப ரெண்டு பேரும் இல்ல. ‘நல்வரவு’ மட்டும் தலைகீழா இருக்கு. சமையக்காரரு குனிஞ்சு நின்னு படிக்கிறாரு.”

மணி ஐந்தே முக்கால். சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. எதை எந்தக் கிளைக்கு மாற்றினோம் என்பதே கலையரசனுக்கு மறந்துவிட்டது. வருவது வரட்டும் என்று, எல்லாவற்றையும் முதல் நாள் நிறுவிய பதிப்புக்கே திருப்பச் சொன்னான். நாற்பத்திரண்டு பேக்கேஜ்கள் பின்னே போகும், சம்மதமா? சம்மதம்.

கணினி ஒருமுறை அணைந்து எரிந்தது. எதிர்ச்சுவரில் பலகையின் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

“என்ன தெரியுதுண்ணே?”

குரலை உயர்த்தி மறுபடி கூப்பிட்டான்.

“அண்ணே?”

“நீயே வந்து பாரு தம்பி.”

ஓடிப்போய்ப் பார்த்தான்.

‘கலையரசன் – பூவிழி. திருமண வரவேற்பு.’

பழைய நிரல் தன் பழைய கோப்பைத் தேடி எடுத்திருந்தது. நான்கு வருடத்துக்கு முன், பலகை வந்த முதல் நாள், அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு பூவிழி வந்திருந்தாள். அவளைக் கண்டதும் அவன் அறைக்குள் போய்விட்டான். அவள் போயிருப்பாள் என்று நினைத்த பிறகு, சோதனைக்காக அந்த இரண்டு பெயர்களையும் அடித்தான். வெளியே போய்ப் பார்க்கக் கூச்சம். சுவரில் விழுந்த சிவப்பு வெளிச்சத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பலகையிலிருந்து அழித்தான்; கோப்பு கணினியிலேயே தங்கிவிட்டது. அந்த எழுத்துகளை அவன் கண்ணால் பார்ப்பது இன்றுதான் முதல்முறை.

திரும்பி ஓடிப்போய்த் தட்டினான். விசைப்பலகை வேலை செய்யவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். பலகையோடு மைக்செட்டும் அணைந்தது. அந்த அமைதியில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது.

பழனிவேல் அருகில் வந்தார். “யாரு தம்பி அது, கலையரசன்?” அவருக்கு இவன் ‘கம்ப்யூட்டர் தம்பி’, பெயர் தெரியாது.

“பழைய கல்யாணம் சார். அழியாம கெடந்துடுச்சு.”

“அந்தப் பொண்ணு பேரும் பூவிழிதானா?”

“ஆமாங்க சார்.”

“நல்லா இருக்காங்களா?”

“இருப்பாங்க சார்.”

மேடையில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய பெயர்கள் முழுசாக இருந்ததால் சம்பந்திகள் சமாதானமானார்கள். கூட்டம் உள்ளே போனது. கலையரசன் அணைந்த பலகைக்குக் கீழே உட்கார்ந்தான். பூவிழி இதைப் பார்த்திருந்தால் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்ற ஒரே பயம்தான் அவனுக்கு.

“மாடியில பொண்ணு ரூம் ஜன்னல் சாத்தியிருந்துச்சாண்ணே? அது இதைப் பார்த்திருக்காதுல்ல?”

இளையபெருமாள் கேட்டை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னைக்குப் பார்க்கல தம்பி. மொத நாளு நீ போட்டப்ப, இந்தக் கேட்டுக்கிட்ட நின்னு படிச்சுட்டு, நீ வெளிய வருவேன்னு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நின்னுச்சு.”