கிளித்தட்டும் என் இடது கணுக்காலும்

ரொறன்ரோ,
ஆவணி 1994

பேரன்புக்குரிய யூஜினி அக்காவுக்கு,

இடது கால் நீங்கலாக நானும் மகள் பேர்ணடெற்றும் நல்ல சுகம். கொட்டாஞ்சேனையில் நீங்களும் அத்தானும் முழுச் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

பிலிப்பினோக்காரர் கூடி என் காலை அடித்து முறித்துவிட்டதாக அஜக்ஸிலுள்ள நம் சொந்தங்கள் உங்களுக்கு ரெலிபோனில் சொன்னார்களாம். யாரும் அடிக்கவில்லை, அக்கா. தொடக்கூட மினக்கெடவில்லை; அதுதான் என் துக்கம்.

ஞாயிறு பூசை முடிந்து சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வருகிறோம், அங்கே எதிர்வீட்டுக் கிளடிஸும் புருஷன் அலெக்ஸாண்டரும், மணிலாவிலிருந்து வந்த மற்றக் குடும்பங்களும் பிள்ளைகுட்டிகளோடு தரையில் தண்ணீரால் கோடு கீறி விளையாடுகிறார்கள். விளையாட்டின் பேர் பட்டின்டேரோவாம். பார்த்தால் அச்சொட்டாய் எங்கள் கிளித்தட்டு! கோட்டில் காவல் நிற்பவர் தொடாமல் பெட்டி பெட்டியாய்க் கடந்து போய்த் திரும்ப வேண்டும். இதில் நான் சூரன் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். ஓராள் குறைகிறது, வாருங்கள் மிஸ்டர் நிக் என்றா கிளடிஸ். நீக்கிலாப்பிள்ளை அவவின் வாயில் நுழையாது.

"அப்பா, உங்களுக்கேன் உந்த வேலை? படி ஏறவே மூச்சு வாங்குது."

"பேசாமல் நில் பிள்ளை. கிளித்தட்டிலை என்னைத் தொட்டவன் ஒருத்தனும் இல்லை."

உண்மையிலேயே ஒருவரும் தொடவில்லை! நான் ஓட ஓட வழி திறந்தது. பிள்ளைகள் கைதட்டி, "சாலிங் பூசா! சாலிங் பூசா!" என்று கூவினார்கள். கோயிலில் என் பக்தியைக் கண்டு பூசைக்காரர் என்கிறார்களாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். திரும்பி வந்து, வென்றவர் கத்துகிற நம் வழக்கப்படி "பழம்!" என்று கத்தினால் விளங்காதே என்று "ஃபுரூட்!" என்று கத்த, ஒரு பெண் ஓடிவந்து வத்தகப்பழத் துண்டொன்றைக் கையில் தந்தா.

அதைத் தின்றுகொண்டே அலெக்ஸாண்டரிடம் அர்த்தம் கேட்டேன். மனுஷன் நெளிந்தார். பூசா என்றால் பூனை, சாலிங் பூசா என்றால் சும்மா சேர்த்துக்கொண்ட பூனையாம். ஆட்டம் தெரியாத சின்னஞ்சிறுசுகளை அழாமலிருக்கச் சேர்த்துக்கொள்வார்களாம்; அவர்களை யாரும் பிடிக்கமாட்டார்களாம். அன்றைக்கு அப்படி இரண்டு பேர். ஒன்று நாலு வயதுப் பெட்டை, மற்றது நான். ஒப்புக்குச் சப்பாணி, அக்கா!

வந்ததே கோபம். "என்னையும் ஒழுங்காய்ப் பிடியுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டு மறுபடி இறங்கினேன். கோட்டில் கிளடிஸ். என் தோளுயரம்தான். வலப்பக்கம் போனேன், நின்றா. இடப்பக்கம் போனேன், அங்கும் நின்றா. மூன்றாந்தரம் உடம்பு வலப்பக்கம் போனது. இடது கால் அதோடு வரவில்லை. அவவின் கை எட்டுமுன்பே தரையில் கிடந்தேன்.

கிளடிஸ் ஆஸ்பத்திரித் தாதி. முழங்காலிட்டுத் தன் துவாயால் கணுக்காலைக் கட்டினா. கட்டி முடித்து, என் தோளில் மெல்லத் தட்டி, "அவுட், மிஸ்டர் நிக்" என்றா. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அக்கா, இந்த நாட்டுக்கு வந்து என்னையும் ஓர் ஆளாகக் கணக்கெடுத்தது அன்றைக்குத்தான். வலியோடு சிரித்தேன். லிப்ட் பழுது, அலெக்ஸாண்டர் முதுகில் சுமந்து வீடு சேர்த்தார்.

முறிவில்லை, சுளுக்குத்தான். புத்தி வந்துவிட்டது. இனி விளையாட்டென்று வாசற்படி தாண்டமாட்டேன். செபமாலையும் சாய்மனைக் கதிரையுமே என் உலகம். தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

அன்புத் தம்பி,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: இப்போது கிளடிஸ் கதவைத் தட்டினா. கீழே வேறொரு விளையாட்டாம். தகரப்பேணி ஒன்றை நிறுத்திவைத்துச் செருப்பால் எறிந்து விழுத்த வேண்டுமாம். எறிய ஒற்றைக் கால் போதாதா? புறப்பட்டுவிட்டேன். எறிந்த செருப்பை எடுக்க ஓட வேண்டுமென்று பேர்ணடெற் கத்துகிறாள். அது எறிந்த பிறகு பார்க்கிற விஷயம்.