சிலந்திக்கு ஏழரைக் கால்

"இருபது கேள்விக்கு ஒரு கிலோ கட்டிப் பெருங்காயம்" என்று ஆரம்பித்தான் இசக்கி.

"நூறு கிராம்" என்றார் தாணுலிங்கம்.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், சாலை என்ற கடைத்தெருவில் பெருங்காயமும் நல்லமிளகும் மொத்தமாக விற்கிறவர் அவர். யார் என்ன விலை சொன்னாலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பிப்பது அவருடைய அப்பா காலத்து வழக்கம். இசக்கி, தைக்காட்டில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் கேட்டையும் பார்த்துக்கொண்டு டீயும் போடுகிறவன்.

"அண்ணாச்சி, கேள்வித்தாள் வெளிய வந்தது தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"தெரிஞ்சாத்தானேவே? நூத்தம்பது."

கால் கிலோவில் முடிந்தது. இவ்வளவு லேசாக இறங்கி வந்துவிட்டானே என்று தாணுலிங்கத்துக்கு உறுத்தியது. நூறிலேயே நின்றிருக்கலாமோ?

உள்ளே இருந்த அவர் மனைவி கோமதியம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அறுபத்துநாலு வயசுல காப்பியடிக்கணுமாக்கும்! உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத சோலி?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரி" என்றார். அவளுக்குத் தெரியும். சாலைக்கே தெரியும். அதுதானே பிரச்சினை.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வானொலியில் 'சொல்லுங்க பார்க்கலாம்' என்று ஒரு தமிழ் நிகழ்ச்சி வந்தது. பாதி வினாடி வினா, பாதி கேலி. கடைகள் பாதிக் கதவோடு திறந்திருக்கும். எல்லாக் கடையிலும் ரேடியோ பாடும். மூட்டை தூக்குகிறவன் கிழக்கேகோட்டையிலிருந்து சாலையின் அந்தக் கடைசி வரைக்கும் நடந்தால் ஒரு கேள்விகூட விட்டுப்போகாது. ஒரு கடையில் கேள்வி, அடுத்த கடையில் பதில், அதற்கடுத்த கடையில் சிரிப்பு.

அந்த நிகழ்ச்சியின் ராஜா ஸ்ரீவராகம் பட்டாபி. ஏதோ சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, ஆனால் கேள்வி முடியும் முன்னே பதில் வரும். அவரை எதிர்த்து இறுதிச்சுற்று வரைக்கும் போன ஒரே சாலைக்காரர், இருபத்தாறு வயதுத் தாணுலிங்கம். இருவரும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி வந்தது. சிலந்திக்கு எத்தனை கால்?

"ஆறு" என்றார் தாணுலிங்கம். கேள்வி கேட்டவர் பேசாமல் இருந்தார்.

விலை சொன்ன பிறகு எதிராளி பேசாமல் இருந்தால், சாலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போதாது, இன்னும் கொஞ்சம் ஏற்று.

"சரி, ஏழு" என்றார். அப்போதும் மௌனம். "உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், ஏழரைக்கு முடிச்சுக்கிடுவோம்."

பட்டாபி "எட்டு" என்று சொன்னது யாருக்கும் காதில் விழவில்லை. மாநிலமே சிரித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கடையைத் திறந்தவர் 'ஏழரை அண்ணாச்சி' ஆனார். கல்யாணப் பத்திரிகையில்கூட எவனோ பென்சிலால் அப்படி எழுதிக் கொடுத்தான். வெளியூர் லாரிக்காரன் முகவரி கேட்டால் இன்றைக்கும் "ஏழரை கடையா? நேரே போ" என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது அந்த எஃப்.எம்.மில் ஜெஸி என்ற மலையாளப் பெண் பழைய நிகழ்ச்சியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறாள். அதே தாணுலிங்கம், அதே பட்டாபி, நேரடி ஒலிபரப்பு. இந்தப் பேரோடு சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்றால் இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

தாளைப் பிரித்துப் பார்த்தார். கறுப்புப் பொன் எது? ஜாதிக்காயைச் சுற்றிய சிவப்புத் தோலுக்கு என்ன பேர்? பெருங்காயம் செடியின் எந்தப் பாகத்திலிருந்து கிடைக்கிறது? இருபதில் பதினேழு அவருக்குப் பிறவியிலேயே தெரியும். அட, நம்ம கடைக்குள்ளே உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கே! அநியாயமாகக் கால் கிலோ போச்சே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தார். சனிக்கிழமை காலை சாலை முழுக்க ஒலிபெருக்கி கட்டச் சொன்னார். பேர் போனது ஊருக்கு முன்னால். திரும்ப வாங்குவதும் ஊருக்கு முன்னால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் பட்டாபி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. கரை வேஷ்டி, நெற்றியில் சந்தனம்.

"என்ன ஓய் தாணு, சௌக்கியமா?"

"இருக்கேன் சாமி."

"சார், ரூல் சிம்பிளா" என்றாள் ஜெஸி. "சரின்னா பிளஸ் ஒண்ணு. தப்புன்னா மைனஸ் ஒண்ணு. சொல்லலேன்னா பூஜ்யம். கேள்வி முதல்ல பட்டாபி சாருக்கு, பின்னே உங்களுக்கு. கறுப்புப் பொன் எது?"

"நிலக்கரி" என்றார் பட்டாபி.

தாணுலிங்கம் திடுக்கிட்டார். "நல்லமிளகு!"

"கரெக்ட்! ஜாதிக்காயோட சிவப்புத் தோல்?"

"வெங்காயச் சருகு."

"ஜாதிபத்திரி" என்றார் தாணுலிங்கம். ஆனால் முதல் பதிலில் இருந்த சுருதி இதில் இல்லை.

"பத்மநாபசுவாமி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எத்தனை நிலை?"

பட்டாபி நெற்றியைத் தேய்த்தார். "அங்கே கோபுரம் இருக்கோ? நான் பார்த்ததில்லையே."

தாணுலிங்கம் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். எழுபது வருஷமாக அந்தக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்த மனுஷன் பஸ் பிடித்திருக்கிறார். மறதி நோய்! ஒரு காலத்தில் சாலையின் எல்லா ரேடியோவிலும் முழங்கிய மூளை இப்படியா காலி மூட்டையாகக் கிடக்கிறது? இதன்மேல் ஏறி நின்றா பேரைத் திரும்ப வாங்குவது? அதுவும் கால் கிலோ கொடுத்து வாங்கின பதிலை வைத்து?

ஏழு நிலை. வாய்வரைக்கும் வந்துவிட்டது. "ஒன்பது" என்றார்.

"தப்பு சார்."

பட்டாபி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். பாவம், எது சரி எது தப்பு என்றே புரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டார் தாணுலிங்கம்.

"பெருங்காயம் செடியின் எந்தப் பாகத்திலிருந்து கிடைக்கும்?"

"அது தாணுவோட சரக்கு, அவன்கிட்டயே கேளுங்கோ" என்றார் பட்டாபி அவசரமாக.

தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று தலைமுறைக் கடை. அப்பாவின் படம் மனதில் வந்தது. மாலை போட்ட படம். "எருமைப் பால்ல இருந்து" என்றார்.

செல்போன் துடித்தது. கோமதியம்மாளின் செய்தி: 'வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிடுதேன்.' தொடர்ந்து சாலை வியாபாரிகள் சங்கத் தலைவர் ஸ்ரீகண்டனிடமிருந்து: 'அண்ணாச்சி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?'

அதற்குப் பிறகு போட்டி கீழ்நோக்கிப் போனது. தாணுலிங்கம் ஒன்று இறங்கினால் பட்டாபியும் ஒன்று இறங்கினார். பட்டாபி இன்னும் மூன்று கேள்வியை 'தாணுகிட்டயே கேளுங்கோ' என்று தள்ளிவிட, அந்த மூன்றிலும் இவர் மட்டும் இறங்கிச் சமமானார். ஏலத்தில் விலை ஏறித்தான் பார்த்திருக்கிறார் தாணுலிங்கம். இப்படிப் போட்டி போட்டு இறங்கி இப்போதுதான் பார்க்கிறார்.

"சுக்கு எதிலிருந்து வரும்?"

"பனங்கிழங்கு" என்றார் பட்டாபி.

"சிமெண்ட்" என்றார் தாணுலிங்கம்.

"என்டம்மோ!" ஜெஸி மைக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. "நேயர்களே, தாணுலிங்கம் சார் மைனஸ் பதினஞ்சு, பட்டாபி சாரும் மைனஸ் பதினஞ்சு! கடைசிக் கேள்வி. ரொம்ப ஈஸி. ஒரு டஜன்னா எத்தனை?"

பட்டாபி வாயைத் திறப்பதற்குள் தாணுலிங்கம் முந்திக்கொண்டார். "பதினொண்ணு!"

"தப்பு!"

"நானும் ஒரு—" என்று பட்டாபி ஆரம்பிக்கும்போதே நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். பரிசு, ஒரு பிரஷர் குக்கர்.

அதை வாங்கிக்கொண்ட பட்டாபியின் முகத்தில் ஈயாடவில்லை. "உன்னைக் கட்டிண்டு அழறதுக்கு..." என்று ஏதோ முணுமுணுத்தபடி ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். மறதிக்காரர்களுக்குச் சிடுசிடுப்பும் வரும் என்று தாணுலிங்கம் கேள்விப்பட்டிருந்தார்.

கேட்டடியில் நின்றார். இனி சாலையில் அவருக்கு ஏழரை என்ற பேர் இருக்காது. எருமைப்பால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அவருக்கு மனசு லேசாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே பொருள் இந்த ஒரு புள்ளிதான்.

இசக்கி டீயோடு வந்தான். "என்ன அண்ணாச்சி, தாளைப் படிக்கலியா?"

"படிச்சேன்வே. எழுத்து எழுத்தாப் படிச்சேன். சாமியைப் பார்த்ததும் மனசு கேக்கல. நிலக்கரிங்காரு, கோபுரமே தெரியாதுங்காரு. அந்தத் தலையில எவ்வளவு இருந்துது தெரியுமா? எல்லாம் மறந்துபோச்சே, பாவம்."

இசக்கி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருக்கு அண்ணாச்சி மறதி? அந்த இருபது கேள்வியையும் எழுதுனதே பட்டாபி சாமிதான். 'இதைக் கொண்டு தாணுகிட்ட குடு, இந்தத் தடவை அவன் ஜெயிக்கணும், ஆனா சும்மா குடுத்தா சந்தேகப்படுவான், ஏதாவது ஒரு வெலை சொல்லு'ன்னு சொல்லி அனுப்புனதும் அவருதான்!"