பதினோரு சுவர்களும் லில்லி அக்காவும்

ஒரு கேமராவைக்கூடத் தொடாமல் கேமரா நிபுணர் ஆனவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் கடைசியில், பி.எஸ்சி. முடித்துவிட்டுத் தாம்பரத்தில் சும்மா இருந்தபோது, உலகச் சந்தைக்கு வந்த அத்தனை கேமராக்களின் மதிப்பெண்களும் எனக்கு மனப்பாடம். லென்ஸின் கூர்மைக்குப் பத்துக்கு எத்தனை, ஷட்டருக்கு எத்தனை, கையில் பிடிக்கச் சௌகரியமா என்பதற்கு எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (தூக்கத்தில்தான் எழுப்ப வேண்டியிருக்கும். அந்த வருஷங்களில் நான் முழுசாக விழித்திருந்ததாக வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.)

இதற்கெல்லாம் காரணம் ஞானமுத்து சார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த பௌதிகப் பேராசிரியர். அவருக்கு லண்டனிலிருந்து ஒரு புகைப்படப் பத்திரிகை கப்பலில் வரும். மூன்று மாதம் பழசாக வந்து சேரும் அந்த இதழை அவர் படித்து முடித்ததும் எனக்குத் தருவார். நான் அதைச் சுருட்டிக்கொண்டு, பட்டணத்துக்கு வேலை தேடிப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குப் போவேன். பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்து கேமரா விமர்சனப் பக்கத்தைப் பிரித்தால், பட்டணம் போகும் பீச் வண்டி வரும், நிற்கும், போகும். அடுத்த வண்டியும் போகும். வெயில் இறங்கி, மரநிழல் நீண்டு பத்திரிகை மேல் விழும்போது எழுந்து வீட்டுக்கு வருவேன். வேலை கிடைத்ததா என்று அப்பா கேட்பார். பார்க்கலாம் என்று சொன்னார்கள் என்பேன்.

விமர்சனம் எழுதுகிறவரின் பெயர் பத்திரிகையில் இருக்காது. அதனால் அவரை நானே கற்பனை செய்துகொண்டேன். நீண்ட கோட்டு, நனைந்த தொப்பி, மூக்குக் கண்ணாடி. மழை விட்ட ஒரு சாயங்காலம் லண்டன் தெருவொன்றில் ஒரு செங்கல் சுவருக்கு எதிரே முக்காலியை நிறுத்திப் படம் எடுக்கிறார். ஏன் செங்கல் சுவர் என்றால், லென்ஸைப் பரிசோதிக்கும் முறையே அதுதான். சுவரை நேராக நின்று எடுக்க வேண்டும். படத்தின் நடுவில் செங்கல் தெளிவாக விழுவது பெரிய விஷயமில்லை, எந்த லென்ஸும் அதைச் செய்துவிடும். நான்கு மூலையிலும் செங்கல்லின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறதா என்பதில்தான் லென்ஸின் ஜாதகம் இருக்கிறது. அந்த மூலைக் கூர்மைக்குத் தனி மதிப்பெண். நான் எத்தனையோ மத்தியானங்கள் அந்த ஈரச் சுவரின் முன்னால், அவர் பக்கத்தில், குடை பிடித்தபடி நின்றிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் லில்லி அக்காவுக்குத் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. அக்கா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வயது இருபத்தாறு. அதற்கு முன் இரண்டு வரன்கள் போட்டோவோடு நின்றுபோயிருந்தன. கடைத்தெரு ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் போட்டோவில் அக்கா, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவளைப் போல உட்கார்ந்திருப்பாள். திருச்சி மாப்பிள்ளை ஒரு கல்லூரியில் லைப்ரேரியன். துணி மடித்துக்கொண்டே அக்கா ஒரு நாள் என்னிடம் கேட்டாள்:

“லைப்ரேரியன்னா நிறைய படிக்கிறவரா இருப்பார் இல்ல?”

“இருக்கலாம்” என்றேன்.

இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை வேறு துணியை மடித்துக்கொண்டு கேட்டாள். அக்காவுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. போட்டோ மட்டும் சரியாக அமைய வேண்டும்.

“தப்பு அக்கா மேல இல்லப்பா, லென்ஸ் மேல” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். “ஸ்டுடியோக்காரர் கேமராவுக்கு எந்தப் பத்திரிகையிலயும் மார்க்கே கிடையாது. ஞானமுத்து சார்கிட்ட ஜெர்மன் கேமரா இருக்கு. நூத்துக்கு எண்பத்தெட்டு. நானே எடுக்கறேன்.”

அப்பா தமிழாசிரியர். மதிப்பெண் என்று யார் சொன்னாலும் மரியாதை கொடுப்பவர். சரி என்றுவிட்டார்.

ஞானமுத்து சார் கேமராவைத் தரத் தயங்கினார். கடைசியில் கல்யாண விஷயம் என்பதால் கொடுத்தார், கூடவே ஒரு ஃபிலிம் சுருளும். அந்தக் காலத்தில் ஃபிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பு. “பன்னெண்டு படம்தான்ப்பா வரும். பாத்து எடு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு அக்கா வெளிர்நீலப் பட்டுப்புடவையில் வீட்டின் பக்கவாட்டில் வந்து நின்றாள். அங்கே எங்கள் வீட்டுச் சுவர் பூசாமல் வெறும் செங்கல்லாக நின்றிருக்கும். வீடு கட்டும்போது சிமென்ட் வாங்க சர்க்கார் பர்மிட் கிடைக்காமல் விட்டது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த சுவர்தான். அன்றைக்குச் சாய்ந்த வெயில் அதன் மேல் விழுந்து, ஒவ்வொரு செங்கல்லுக்கும் மெல்லிய ஒரு நிழல் கொடுத்திருந்தது. சிட்லபாக்கம் ஏரியிலிருந்து காற்று வந்தது. கொடியில் ஒரு துண்டு மெதுவாக ஆடியது. எனக்குத் தாம்பரம் மறந்துவிட்டது. லண்டன் கோட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பதை உணர்ந்தேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுக்கா” என்றேன். அக்கா தள்ளினாள்.

லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி ஒரு படம். ஒரு படி பெரிதாக்கி இன்னொன்று. இப்படி ஏழு படி உண்டு, ஏழும் எடுத்தேன்.

“சுவரையே எடுக்கறியே?” என்றார் அப்பா.

“ஒரு லென்ஸை நம்பி அக்காவை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி விசாரிக்க வேணாமாப்பா?”

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஆள் விட்டு விசாரித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இது நியாயமாகப் பட்டது. தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் கை நடுக்கம் படத்தில் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு, தூரத்தை மாற்றி இரண்டு என்று மேலும் நான்கு சுவர் எடுத்தேன். கேமராவின் முதுகில் ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். எத்தனையாவது படம் என்று அதில் எண் தெரியும். ஃபிலிமைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு என்று இருந்தது.

“அக்கா” என்றேன். “ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருக்கு.”

அரை மணி நேரமாக வெயிலில் தள்ளி நின்றிருந்த அக்கா, சுவருக்கு முன்னால் நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். போட்டோ எடுக்கும்போது அக்கா சிரித்து நான் பார்த்ததே இல்லை. பதற்றத்தில், சுவருக்கு வைத்திருந்த ஃபோகஸை மாற்றாமல், விசையை அழுத்திவிட்டேன்.

கழுவிப் பிரிண்ட் போட, நான் மட்டம் தட்டிய அதே ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்காரர் வேலாயுதம் படங்களை மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார்.

“இன்னா தம்பி, பொண்ணு போட்டோன்னு சொன்னே. பதினோரு செவுரு கீது. பொண்ணு ஒண்ணே ஒண்ணு, அதுவும் மங்கலா கீது. அக்காவ இட்டாந்து உக்கார வை, நான் எடுத்துத் தரேன்.”

“உங்க லென்ஸோட மூலைக் கூர்மை என்ன?” என்று கேட்டேன். (கேட்டேன் என்பதை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.)

“மூலைல இன்னா கீது தம்பி? ஆளு நடுவுலதான உக்காருது” என்றார் அவர்.

நான் சுவர்ப் படங்களைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தேன். சுவர்கள் அற்புதமாக வந்திருந்தன. நான்கு மூலையும் பளிச்சென்று இருந்தன. அந்தக் கேமராவின் மூலைக் கூர்மைக்கு லண்டன்காரர் பத்துக்கு ஏழுதான் போட்டிருந்தார். கையில் ஆதாரத்தோடு நான் நிற்கிறேன், நியாயமாக ஒன்பது போட வேண்டும். முகம் மங்கலாக இருக்கிறதே என்று அப்பா கேட்டதற்கு, மேல்நாட்டில் பெண்களை இப்படித்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். வேறு படமும் இல்லை, திருச்சிக்காரர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் அதையே அனுப்புவது என்று முடிவாயிற்று.

சில நாள் கழித்து ஒரு மாலை மேஜை மேல் இரண்டு உறைகள் இருந்தன. திருச்சி உறைக்குள் அப்பா எழுதிய கடிதம். லண்டன் உறைக்குள் நான் நான்கு நாள் எழுதி எழுதிக் கிழித்து, கடைசியாக மிஞ்சிய ஆங்கிலக் கடிதம்: “ஐயா, என் பரிசோதனைப் படங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். மூலைகளைக் கவனித்து மதிப்பெண்ணைத் திருத்தவும்.” வேலாயுதம் படங்களை ஒரே மாதிரியான இரண்டு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். லண்டனில் கோட்டுக்காரர் என் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நிற்பதையும், வெளியே மழை பெய்வதையும், தாம்பரம் எங்கே இருக்கிறது என்று அவர் உலகப் படத்தில் தேடுவதையும் பார்த்துக்கொண்டே, கவர்களை உறைகளுக்குள் போட்டு ஒட்டினேன்.

தபாலாபீஸில் குமாஸ்தா இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார்.

“என்ன தம்பி, லண்டன் போறது லேசா இருக்கு, திருச்சி போறது கனமா இருக்கு?”

“கல்யாண விஷயம் சார். கனமாத்தான் இருக்கும்” என்றேன்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் கையில் ஒரு கார்டோடு வந்தார். கார்டு என்றால் அவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அது எங்கள் தெருவின் வழக்கம்.

“சார், வூடு விக்கிறீங்களா?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா வாங்கிப் படித்தார். மாப்பிள்ளையின் அண்ணன் எழுதியிருந்தார். “தாங்கள் அனுப்பிய பதினோரு புகைப்படங்களும் கிடைத்தன. சுவர் உறுதியாகத் தெரிகிறது. நாங்கள் தற்சமயம் வீடு வாங்கும் உத்தேசத்தில் இல்லை.”

அப்பாவின் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். “எங்கள் பெண்ணின் படம் இத்துடன் உள்ளது. மாநிறம். அதிகம் பேச மாட்டாள். எதையும் தாங்கும் பொறுமைசாலி. நேரில் பார்த்தால் இன்னும் லட்சணமாக இருப்பாள்.”

அப்பா மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. வேண்டுமென்றே கேலி செய்ததாக நினைத்துவிட்டார்கள். அக்கா வீட்டின் பக்கவாட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“நல்லா படிக்கிறவரா இருந்திருப்பார்டா” என்றாள்.

அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு போடுவாள், பேச மாட்டாள். நான் பத்திரிகை வாங்கப் போகவில்லை. வேலைக்கு உண்மையாகவே மனு போட ஆரம்பித்தேன். இரண்டு மாதம் அந்த வீட்டில் நான் வெட்கத்தோடு நடமாடினேன். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, சுவரைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. மெல்லிய நீலத் தாள், தட்டச்சு செய்த ஆறு வரி. பிரிக்கத் தைரியம் இல்லாமல் அக்காவின் முன் வைத்தேன். அவள் பிரித்து, மனசுக்குள் படித்து, பிறகு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்து, தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

“அன்புள்ள ஐயா, எங்கள் மதிப்பெண்ணை மாற்றுவதற்கில்லை. மூலைகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரியே. உங்கள் சுவர் நான்கு மூலையிலும் தெளிவாக உள்ளது. ஆனால் நடுவில் ஒரு பெண் நிற்கிறார். மிக அழகாகச் சிரிக்கிறார் என்று ஊகிக்கிறோம். அடுத்த முறை தயவுசெய்து அவரைப் பார்த்து ஃபோகஸ் செய்யவும்.”

படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு வெயிலில் சிரித்த அதே சிரிப்பு வந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது, அழுதேன்.

மறுவாரம் நானே அக்காவை வேலாயுதத்திடம் அழைத்துப் போனேன். “பின்னால செவுரு இல்லம்மா, வெறும் திரைதான். தைரியமா சிரி” என்றார் அவர். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் குரோம்பேட்டையிலிருந்து அத்தான் வந்தார். பெண் பார்க்க வந்த அன்று கதையைக் கேட்டுவிட்டு, “பொண்ண அப்புறம் பாக்கலாம் மச்சான், மொதல்ல செவுத்தக் காட்டுங்க” என்றார். அவர் லைப்ரேரியன் இல்லை, ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. படிப்பதும் குறைவுதான். அக்கா ஒரு முறைகூட அதைக் குறையாகச் சொன்னதில்லை.

சுவர் இப்போது இல்லை, அந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. லண்டன் கடிதம் அக்காவின் வேதாகமத்துக்குள் இருக்கிறது, எனக்குத் தர மாட்டாள். எங்கள் குடும்பத்தில் யார் தோசை சுட்டாலும், “மூலை நல்லா வந்திருக்கு, நடுவுலதான் கொஞ்சம்” என்று யாராவது இழுப்பார்கள். பேரப்பிள்ளைகள் போனை நீட்டிப் படம் எடுக்க வந்தால், முதலில் சுவரை எடு என்று அத்தனை பேரும் சொல்வார்கள்.

அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சிட்லபாக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைப் பார்க்கப் போவேன். பள்ளிக்கூடத்துக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாக ஏரிக் காற்று வரும், நான் வழக்கம்போல் எங்கேயோ போய்விடுவேன். அவள் கதையைப் பாதியில் நிறுத்தி என் முழங்காலைத் தட்டுவாள்.

“தம்பி, செவுத்தப் பாக்காத. என்னப் பாரு.”