சுத்தல் மாமுவும் நகராத சூரியனும்

ராயபுரத்தில் "சூரியன் உதிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு சுத்தல் மாமுவிடம் திட்டு வாங்காமல் தப்பியவர் எவரும் இல்லை.

"சூரியன் அங்கியேதான் கீது. நீதான் சுத்திகினு வந்து அது முன்னால நிக்கிற" என்பார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அவருக்கு எஞ்சின் ஷெட்டில் வேலை. வந்த எஞ்சினைத் திசை மாற்றி நிறுத்த, அங்கே வட்டமான குழியின் மேல் சுழலும் இரும்பு மேடை ஒன்று இருந்தது. எஞ்சின் ஏறியதும் கீழே நாலு பேர் கம்பியைப் பிடித்துத் தள்ளுவார்கள். மாமு மேலே நின்று விசில் கொடுப்பார். மேடை மெதுவாகச் சுழலும்போது மேலே நிற்பவனுக்குத் தான் அசைவதே தெரியாது. மாதா கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் வரிசையாக நகர்ந்து போகும். பூமியும் அப்படி ஒரு மேடைதான் என்று இருபது வருடம் அங்கே நின்றதில் அவருக்கு விளங்கிவிட்டது. சூரியனும் நட்சத்திரங்களும் கோபுரத்தைப் போலச் சும்மா நிற்பவை. "நெலா மட்டும் கொஞ்சம் தானா நடக்கும். அது வேற கேஸு."

டீக்கடைக்காரர் விடவில்லை. "பூமி சுத்துதுன்னா என் பாய்லரு ஏன் மாமு கவுந்து வுழல?"

"ரயிலு ஓடசொல்ல உள்ள குந்திகினு டீ குடிக்கிறியே, கொட்டுதா?"

"கொட்டுதே!"

"அது தண்டவாளம் கோணல். பூமிக்குத் தண்டவாளமே இல்ல, போ!"

கடைசியில் தெருவே ஒப்புக்கொண்டது. நம்பியவர்கள் பாதி, அலுத்துப்போனவர்கள் பாதி. ஒப்புக்கொள்ளாதவர் அவருடைய மனைவி அன்னம்மா மட்டும்தான். காத்திவாக்கத்துக் கட்டுமரக்காரர் மகள். "எங்க நைனா விடிவெள்ளி ஏறுறதப் பாத்துதான் கடலுக்குப் போவும். எங்க நைனா இன்னா பைத்தியமா? நீதான்யா பைத்தியம்" என்பார்.

அன்னம்மா இரண்டு வருடமாகக் காசநோயில் படுத்த படுக்கை. பொங்கல் கழிந்ததும் டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன்பின் மாமு தெருவில் யாரோடும் வாதாடவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த என்னிடம் வந்தார்.

"என்னைப் பைத்தியம்னு நெனச்சிகினே அவ போயிடக் கூடாதுப்பா. ஒரு தபா மேடையில ஏத்திக் காட்டிடணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் எஞ்சின் எதுவும் இல்லை. கைவண்டியில் மெத்தை போட்டு அன்னம்மாவைக் கொண்டுபோனோம். மேடையில் அவர் தலையை என் மடியில் தாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாமு கீழே இறங்கிக் கம்பியைப் பிடித்தார். மற்றவர்கள் மட்டும் தள்ளினால் குலுங்குமாம். கூடத் தள்ள வந்த ஷெட் ஆட்களை அதட்டினார்: "பால் சட்டியத் தள்ற மாதிரி தள்ளுங்கடா, கஸ்மாலங்களா!"

மேடை சுழன்றது. கோபுரம் நகர்ந்தது. தொட்டி நகர்ந்தது. மாமு குனிந்து தள்ளியபடியே கத்தினார்: "அன்னம்மா! கோயிலு போவுதா?"

அன்னம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"போவுது, போவுது" என்றார். "நீ சொன்னது நெசந்தான்யா."

மாமு தள்ளுவதை நிறுத்திவிட்டு, முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், அவர் முன்னால் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது, அன்னம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: "தல சுத்துச்சி தம்பி. கண்ணே தொறக்கல. அவராண்ட சொல்லிடாத."

இரண்டு வாரத்தில் அன்னம்மா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் டீக்கடை பெஞ்சில் மாமு உட்கார்ந்திருந்தார். "பொழுது சாஞ்சிடுச்சு மாமு, வூட்டுக்குப் போ" என்றார் கடைக்காரர். மாமு திருத்தவில்லை. கடைக்காரருக்குப் பயமாகிவிட்டது, என்னைப் பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாமு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நா கீழ குனிஞ்சிகினு இருந்தேன். அவ மூஞ்சப் பாக்க முடியல. நீ பாத்தியே... கோயிலு நவுந்து போவசொல்ல அவ எப்டிப் பாத்தா?"

"கண்ணு கொட்டாமப் பார்த்தாங்க மாமு" என்றேன்.