காப்புக் கட்டிய டாக்டர்

"அந்தப் பச்சப் புள்ளையோட கிட்னிய எடுக்க உமக்கு எப்படி மனசு வந்துச்சு?"

வண்ணார்பேட்டையில் தன் வீட்டு வாசலில் நின்றபடி ஜமீலா பீவி இப்படிக் கேட்டாள். அவள் கை கணேஷ்ராமின் உண்டியலுக்கு நேர் மேலே நின்றது. கைக்குள் காசு இருந்தது. விழவில்லை.

"எந்தப் புள்ள அக்கா?"

"எந்தப் புள்ளையா? நேத்து ராத்திரி ஊரே பாத்துச்சு. மயக்க மருந்து குடுத்து, கிட்னிய எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு வித்துட்டு, இன்னைக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி வாசல்ல வந்து நிக்கீரு!"

கணேஷ்ராம் திருதிருவென்று விழித்தார். அவர் டாக்டர் இல்லை. திருநெல்வேலி டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். மேலே இருந்த வெள்ளைக் கோட்டு, குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்குப் போட்ட தசரா வேடம்.

போன வருஷம் அவர் மனைவி செல்வமணிக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். தியேட்டர் வாசலில் நின்று நடுங்கிய கணேஷ்ராம், 'இவளப் பொழைக்க வையி தாயே, டாக்டர் வேசம் போட்டு, வீடு வீடாத் தர்மம் எடுத்து, ஒரு உண்டியல் நெறைய உன் காலடியில கொட்டுதேன்' என்று வேண்டிக்கொண்டார். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். தசரா முடிந்த கையோடு செல்வமணிக்கு மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குள் இவர் தன் பங்கைச் செய்தாக வேண்டும். பிச்சை எடுத்துத்தான் உண்டியல் நிறைய வேண்டும். சொந்தக் காசை உள்ளே தள்ளி ஏமாற்றினால் மனுஷனுக்குத் தெரியாது, அம்மனுக்குத் தெரியும்.

சும்மா ஒரு டாக்டராகப் போயிருந்தால் வம்பே இல்லை. ஆனால் பதினோரு வருஷமாக டிவியில் ஓடும் 'பதினோராம் வார்டு' தொடரில் டாக்டர் அகிலன் என்று ஒருவர் வருகிறார். அவர் என்றால் பெண்கள் உயிரை விடுகிறார்கள். அவரைப் போலவே போனால் உண்டியல் தானாக நிறைந்துவிடும் என்று ஓர் அதிமேதாவி யோசனை சொன்னான். அந்த அதிமேதாவி கணேஷ்ராமேதான். அகிலனின் சிவப்பு ஸ்டெதஸ்கோப்பை வாங்கினார். கோட்டில் அகிலன் என்று பெயர் தைத்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று அகிலனின் வசனத்தைச் சொன்னார். முதல் இரண்டு நாள் பெண்கள் நாக்கை நீட்டிக் காட்டி, சுகர் மாத்திரைக்கு யோசனை கேட்டு, சிரித்துச் சிரித்துக் காசு போட்டார்கள்.

விரதக்காரர் என்பதால் அவர் இருப்பு தசரா குழுவின் ஓலைக்குடிலில். அங்கே டிவி கிடையாது. அகிலன் இரவோடு இரவாகக் கெட்டுப்போன சங்கதி அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"அக்கா, நான் சாமிக்குத்தான வேசம் போட்டுருக்கேன்!"

"சாமிக்குன்னா தாராளமாப் போடுவேன். வருசா வருசம் போடுதவதான். இந்தக் கோட்டுக்குப் போட மாட்டேன். கோட்டக் கழத்திட்டு வாங்க, தாரேன்."

"காப்புக் கட்டியாச்சு அக்கா. காப்பு அவுக்குத வரைக்கும் வேசத்த மாத்தக் கூடாது."

"அப்பம் கிட்னியத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

கணேஷ்ராம் பக்கத்தில் நின்ற கரடியைப் பார்த்தார். கரடிக்குள் இருந்தவன் பெயர் பஞ்சு. காப்புக் கட்டிய அன்றுதான் குழுவில் வந்து சேர்ந்தான். சொந்த ஊர் இதே ஆற்றங்கரைப் பக்கம்தான், வேலை மெட்ராஸில். என்ன வேலை என்று கேட்டால், "ஆபீஸ் வேலைதான் அண்ணாச்சி" என்பான். அதிகம் பேச மாட்டான். கொஞ்சம் நிழலைக் கண்டால் ஒதுங்கிப்போய், கரடித் தலைக்குள் போனைத் திணித்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவான். புதுப் பெண்டாட்டி என்று கணேஷ்ராம் நினைத்திருந்தார்.

கரடி கை விரித்தது.

ஆனால் கணேஷ்ராம் ஜவுளிக்கடைக்காரர். சாயம் போன சேலையை, "இதான் இப்பம் ஃபேஷன்" என்று விற்ற வாய் அவருடையது. அந்த வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, அது நான் இல்ல. என் தம்பி. நாங்க ரெட்டைப் பிள்ளைக. அச்சு அசலா ஒரே மூஞ்சி. அவன்தான் கோட்ட மாட்டிக்கிட்டு உள்ள பூந்துட்டான்."

ஜமீலா பீவி யோசித்தாள். "அல்லாவே! அப்படியும் இருக்குமோ? அதான பாத்தேன். நம்ம அகிலன் செய்யுத காரியமா அது!"

காசு விழுந்தது.

"நல்லாச் சொன்னீங்க அண்ணாச்சி. ரெட்டைப் பிள்ளைக, என்ன?" என்று கரடி கேட்டு உறுதி செய்துகொண்டு நிழலுக்குப் போனது.

மறுநாள் இரவுத் தொடரில் அகிலனுக்கு ஒரு தம்பி முளைத்தான். ரெட்டைப் பிள்ளை. அச்சு அசலாக ஒரே முகம்.

காலையில் கஞ்சி கொண்டு வந்த செல்வமணி இதைச் சொன்னபோது கணேஷ்ராமுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அம்மா என் நாக்குல உக்காந்துருக்கா!" என்று குலசை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். இனி கவலை இல்லை என்று தெம்பாகக் கிளம்பியவரை, டவுண் பெண்கள் தெரு முனையிலேயே மறித்தார்கள்.

"நில்லுங்க. நீங்க அண்ணனா, தம்பியா?"

"அண்ணன்தான் தாயி. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

"தம்பிக்காரனும் நேத்து இதையேதான் சொன்னான். சொல்லிட்டுத்தான் ஊசியப் போட்டான்."

பக்கத்து டீக்கடையில் இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஜெயராம் குரல் கொடுத்தார். "நான் அந்தக் கருமத்தப் பாக்கதையே விட்டுட்டேன் வே. மொத ரெண்டு வருசம் என்னமா இருந்துச்சு! ஒரு காய்ச்சல்னா நாலு நாளு காட்டுவான். அகிலனோட மொதப் பொண்டாட்டி செத்தப்பவே முடிச்சிருக்கணும். இப்பம் காலையில எடுத்து ராத்திரி போடுதானுவ. அதான் ஒண்ணுக்கொண்ணு ஒட்ட மாட்டேங்கு. நேத்து அந்தத் தம்பி வந்த சீன்ல பாரும், ஊசி வலது கையில இருந்து இடது கைக்குப் போயிருச்சு."

பார்ப்பதை விட்டுவிட்டவர்களுக்குத்தான் எப்போதும் எல்லாக் காட்சியும் தெரிகிறது.

"அண்ணன்தாம்னு எதை வச்சு நம்புதது?" என்று பெண்கள் கேட்டார்கள். கணேஷ்ராமின் வாய் மறுபடியும் தானாகத் திறந்தது. இடது சட்டைக் கையைச் சுருட்டி, கடையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பைக் காட்டினார்.

"இந்தத் தழும்புதான் அடையாளம். இது அண்ணனுக்கு மட்டும்தான் உண்டு."

பெண்கள் குனிந்து பார்த்தார்கள். கரடியும் குனிந்து பார்த்தது. உண்டியலில் சத்தம் கேட்டது.

அன்று இரவு தொடரில் தழும்பு வந்தது. தம்பிக்காரன் கையில் வந்தது.

"இந்தாருங்க, தழும்பு இருக்கவன்தான் கள்ளனாம்" என்றாள் செல்வமணி. "இன்னைக்கு நீங்க வெளியில போகண்டாம். அடி விழும்."

"போகாம? உண்டியல்ல பாதி கூட நெறையல பாத்துக்கோ."

"நெறையலேன்னா அம்மா கோவிச்சுக்கிடவா போறா? இந்த வேகாத வெயில்ல நீங்க அலையுததப் பாக்கதுக்கு எனக்குத்தான் வயித்த வலிக்கி."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயிறு என்ற வார்த்தையைக் கேட்டதும் கணேஷ்ராமின் முகம் செத்துப்போயிற்று. செல்வமணி அதைக் கவனித்தாள். வேறொன்றும் சொல்லாமல் பையில் இருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். விரதத்தில் இருப்பவரைத் தொடக் கூடாதே என்று தள்ளி நின்று தரையில் உருட்டிவிட்டாள். "தழும்பு மேல கனமாப் பூசிக்கிட்டுப் போங்க."

பூசிக்கொண்டு போனார். ரத வீதியில் முதல் வீட்டிலேயே, கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். தழும்பு இல்லை. "நம்ம அகிலன்தான்!" என்று அந்த வீட்டம்மா உருகிப்போய், வேடம் போட்ட சாமிக்குப் பாதம் கழுவ ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். பக்தி கொஞ்சம் கூடிப்போய்க் குடத்தை உயரத் தூக்கிக் கவிழ்த்தாள். தண்ணீர் தோளில் விழுந்து கை வழியாக ஓடியது. அதோடு பவுடரும் ஓடியது.

"ஏளா, தழும்பு! மறைச்சுல்லா வச்சிருக்கான் கள்ளப்பய!"

கணேஷ்ராம் ஓடினார். விரட்டியவர்களில் பாதிப் பேருக்கு அவர் யார் என்று தெரியும். பலர் அவரிடமே துணி எடுத்தவர்கள். ஆனாலும் விரட்டினார்கள். பதினோரு வருஷக் கோபத்தைக் காட்ட ஆள் கிடைப்பது லேசா? கரடி அவரை முந்திக்கொண்டு ஓடியது. ஓடும்போதும் அதன் கை போனைத்தான் தேடியது.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் அவர் எதைச் சொன்னாலும் அதுவே அவருக்கு வினையாக முடிந்தது. "தம்பி திருந்திட்டான்" என்றார். தொடரில் தம்பி திருந்தி, அண்ணன் கெட்டுப்போனான். "அண்ணனுக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சு" என்றார். தொடரில் எல்லாம் மறந்த அகிலன், ஆளை மாற்றி ஆபரேஷன் செய்தான். தெருவில் அகிலன் கட்சி, தம்பி கட்சி என்று இரண்டு கட்சிகள் உண்டாயின. இரண்டு கட்சிக்கும் ஒத்த கருத்து, இவருக்குக் காசு போடக் கூடாது என்பதுதான். கணேஷ்ராமுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மன் தன்னைச் சோதிக்கிறாள், தன் வாயைக் கொண்டே தன்னை அடிக்கிறாள் என்று நினைத்தார். இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. குடிலுக்குள் நடந்தார். உண்டியலைக் காதருகே வைத்து ஆட்டினார். மறுபடியும் நடந்தார்.

குலசைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், கால் போன போக்கில் மறுபடியும் ஜமீலா பீவி வாசலில் வந்து நின்றார். கரடியும் வந்தது.

"இன்னைக்கு யாரு? அண்ணனா, தம்பியா, பழச மறந்தவனா?" என்றாள் ஜமீலா பீவி.

கணேஷ்ராம் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் இருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும் இல்ல அக்கா. நான் டாக்டரே இல்ல. ஜவுளிக்கடையில துணி கிழிக்கேன். என் பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி. தியேட்டருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. கதவு சாத்திட்டாங்க. அம்மாகிட்ட வேண்டுதேன், வாயி கொளறுது. அப்பம் ஒரு சின்ன வயசு டாக்டரு அந்தப் பக்கமாப் போனாரு. பேரு கூடத் தெரியாது. என் தோளத் தொட்டு, 'பயப்படாதீங்க'ன்னாரு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் என்னைய அன்னைக்கு நிக்க வச்சுது. அதுக்குத்தான் டாக்டர் வேசம். அதோட நிப்பாட்டியிருக்கணும். சீக்கிரம் நெறையணும்னு புத்தி கெட்டுப்போயி டிவிக்காரன் வேசத்தப் போட்டுட்டேன். நாளைக்குக் குலசைக்குப் போகணும். உண்டியல் பாதிக்கு மேல காலியாக் கெடக்கு. அடுத்த வாரம் அவளுக்கு ஸ்கேனு. எனக்குப் பயமா இருக்கு அக்கா."

ஜமீலா பீவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? ஏளா ஷரீபா! இங்கன வா! எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா!"

தெருவே வந்தது. அண்ணன் கட்சியும் வந்தது, தம்பி கட்சியும் வந்தது. உண்டியலின் வாய்க்குள் காசு போகாமல் குச்சியை விட்டுக் குத்தினார்கள். செல்வமணியை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி ஜமீலா பீவி போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். கரடி ஓர் ஓரமாய்த் தோள் குலுங்க நின்றது. கரடி அழுவதை வண்ணார்பேட்டை அன்றுதான் பார்த்தது. அழுது முடித்துவிட்டு அது நிழலுக்குப் போனது.

மறுநாள் குலசையில் உண்டியலை அம்மன் காலடியில் கொட்டினார் கணேஷ்ராம். காளிகளும் ராஜாக்களும் குரங்குகளும் கடற்கரை முழுக்க நெருக்கியடித்தார்கள். அந்த நெரிசலிலேயே, பல நாளுக்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கினார். விடிந்ததும் கடலில் குளித்து, காப்பை அவிழ்த்து, வெள்ளைக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

அப்போது செல்வமணி போனில் கூப்பிட்டாள்.

"இந்தாருங்க, நேத்து ராத்திரி 'பதினோராம் வார்டு'ல என்ன வந்துச்சு தெரியுமா? அகிலன் டாக்டரே இல்லையாம்!"

"என்னது?"

"ஜவுளிக்கடையில துணி கிழிக்கவனாம். பொண்டாட்டிக்கு வயித்துல கட்டியாம். யாரோ ஒரு டாக்டரு தோளத் தொட்டு 'பயப்படாதீங்க'ன்னாராம். அதுல இருந்து டாக்டர் வேசம் போட்டுக்கிட்டு அலையுதானாம். ஊரே அழுதுருக்கு. ஜமீலா அக்கா மட்டும் காலங்காத்தால போனப் போட்டு ஏசுதாக. 'உன் மாப்பிள்ள எங்கனயோ கதைய முன்கூட்டியே கேட்டுக்கிட்டு வந்து, சொந்தக் கதை மாதிரிச் சொல்லி எங்க காச வாங்கிட்டுப் போயிட்டாரு'ங்காக. 'போட்ட காச அம்மன்கிட்டத் திருப்பிக் கேக்கவா முடியும்'னு ஒரே சத்தம். நான் என்னத்தச் சொல்ல?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணேஷ்ராமின் வாய்க்கு ஒன்றும் தோன்றவில்லை. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

பக்கத்தில் பஞ்சு, காப்பை அவிழ்த்துவிட்டுக் கரடித் தலையைக் கழற்றி மணலில் வைத்தான். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட முகம் ஒன்று இருந்தது. காதில் போன் இருந்தது. "ஒரு நிமிஷம் சார், இங்கனதான் இருக்காரு, கேட்டுச் சொல்லுதேன்" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கணேஷ்ராம் பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை ஷூட்டிங்குக்கு நான் இன்னும் கதை எழுதல, அந்த ஜவுளிக்கடைக்காரன் அடுத்து என்ன செய்வான், சொல்லுங்க."